ஏசி வாயுவின் கதை
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோடை வந்தால் வீட்டுக்கு வீடு ஏசி சர்வீஸ் நடக்கும். அதனால் ஏசிக்குள் இருக்கும் வாயுவைப் பற்றியே பேசுகிறேன்.

1920களில் ஃபிரிட்ஜில் இருந்தவை அம்மோனியா, சல்பர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள். கசிந்தால் உயிருக்கே ஆபத்து. 1928இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் நச்சில்லாத, தீப்பிடிக்காத வாயு ஒன்றைக் கண்டறிந்தார்கள். 1930இல் வேதியியலாளர்கள் கூடிய சபையில் மிட்ஜ்லி அதை உள்ளிழுத்து, எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துக் காட்டினார். அதுதான் டூபாண்ட் நிறுவனத்தின் 'ஃபிரியான்'.

வீட்டுக்குள் பாதுகாப்புதான். ஆனால் அது எளிதில் அழியாது. மேலே போய் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974இல் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். 1987இல் மாண்ட்ரீல் ஒப்பந்தம் வந்தது. மறு ஆண்டே, உற்பத்தியை நிறுத்தப்போவதாக டூபாண்ட் அறிவித்தது. மாற்றாக வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுக்கவில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குகிறது.

இன்றைய ஏசிகளில் உள்ள ஆர்-32, ஆர்-290 ஆகியவற்றால் அந்தக் கெடுதல் குறைவு. ஆனால் இவை தீப்பிடிக்கக் கூடியவை. ஒரு சிக்கலைத் தீர்த்த பொருளே அடுத்த சிக்கலைக் கொண்டுவருகிறது. மிச்சப் பொறுப்பு நம்முடையது.

வாயு பெட்ரோல்போலத் தீர்வதில்லை. குறைந்தால் கசிவு என்று பொருள். முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள். ஸ்டிக்கரில் உள்ள வாயுவையே நிரப்பச் சொல்லுங்கள். பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். வேலை நடக்கும் இடத்தில் நெருப்பு வேண்டாம்.