நாய்க்கு இடும் சோறு



தாயகம் விட்டு வேற்று மாநிலத்தில் குடியமர்ந்த தமிழர் இல்லங்களில் மூன்று பொருள்கள் தவறாமல் காணப்படும். ஒன்று இட்டிலிக் கொப்பரை. மற்றொன்று முருகன் படம். மூன்றாவது ஊரிலிருந்து வந்த ஊறுகாய் ஜாடி. அண்மைக் காலமாக நான்காவதாக ஒன்றும் சேர்ந்து வருகிறது. அது நாய். உற்றார் உறவினர் தொலைவிலிருக்க, பிள்ளைகள் பள்ளிக்கும் பெரியவர்கள் அலுவலகத்திற்கும் சென்று திரும்பும் வீட்டில், வாயிற்படியில் காத்திருந்து வாலாட்டி வரவேற்கும் ஓர் உயிர் இருப்பது பெரிய ஆறுதலேயாகும். அந்த உயிருக்கு நாம் என்ன உணவிடுகிறோம் என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் பொருள்.

எட்டாண்டுகளுக்கு முன், ஐதராபாத்தில் தார்நாக்காவை அடுத்த குடியிருப்பில் வாழ்ந்தபோது, நண்பர் ஒருவர் இரண்டு மாதக் குட்டி ஒன்றை நம்மிடம் தந்தார். பிள்ளைகள் அதற்கு மணி என்று பெயரிட்டார்கள். நம்முடையது மரக்கறி உண்ணும் குடும்பம். ஆதலின் மணிக்கும் காலையில் சிறிது பால் கலந்த சோறும், இரவில் நீர் மிகுந்த மோர்ச் சோறும் கிடைத்தன. குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தது. ஐந்தாம் மாதத்தில் அதன் முன்னங்கால்கள் வில் போல வளையத் தொடங்கின. நடக்கும்போது முனகியது. கால்நடை மருத்துவர் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, “உங்கள் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை, சுண்ணாம்புச் சத்துக்கும் வைட்டமின் டி-க்கும்தான் குறைவு” என்றார்.

அன்று நாம் அடைந்த நாணம் சிறிதன்று. நாம் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர். “சமச்சீர் உணவு” என்ற தொடரை எத்தனையோ சுற்றறிக்கைகளிலும் துண்டு வெளியீடுகளிலும் எழுதியிருக்கிறோம். எழுதுவதற்கு எளிய அத்தொடர், ஒரு சிறு தட்டில் பரிமாறுவதற்கு எவ்வளவு அரியது என்பதை ஒரு குட்டியின் கால்களே நமக்கு உணர்த்தின.

நம் அன்னையார் மட்டும் இதனை ஒப்பவில்லை. “மோர்ச்சோறு தின்று நீ வளரவில்லையா?” என்று கேட்டார். வினா நியாயமானதுதான். ஆனால் மனிதக் குழந்தைக்குப் பருப்பு, கீரை, நெய், பழம் என்று பலவும் சேர்கின்றன. மேலும், வெயிலில் விளையாடும் குழந்தையின் தோல் வைட்டமின் டி-யை உண்டாக்கிக்கொள்ளும். நாயின் தோலோ அதனைப் போதிய அளவில் உண்டாக்குவதில்லை. அதற்கு அச்சத்து உணவிலிருந்தே வந்தாக வேண்டும்.

இவ்வுண்மையின் ஒரு பகுதியை உலகிற்கு உணர்த்தியவையே நாய்க்குட்டிகள்தாம். இங்கிலாந்தில் எட்வர்ட் மெலன்பி என்ற அறிஞர், தானியக் கஞ்சியை முதன்மையாக உண்ட குட்டிகளுக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் தோன்றுவதையும், காட் மீனின் ஈரல் எண்ணெய் அதனைத் தடுப்பதையும் 1919-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். குழந்தைகளின் நோய்க்கு வழி அங்கிருந்து பிறந்தது.

நம் ஐதராபாத்திலும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. தார்நாக்காவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. அதுவும் நம்மைப் போலக் குடிபெயர்ந்து வந்ததுதான்! 1918-இல் நீலகிரியின் குன்னூரில் தோன்றி, 1958-இல் ஐதராபாத்திற்கு வந்து, 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் அதன் இயக்குநராக விளங்கினார்.

தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடையே பெலாக்ரா என்ற நோய் காணப்பட்டது. தோல் கறுத்து வெடிக்கும், வயிறு கெடும், மனமும் கலங்கும். நாய்களுக்கு இதையொத்து வரும் நோயைக் கருநாக்கு நோய் என்பர். நிக்கோட்டினிக் அமிலம் கருநாக்கு நோயைத் தீர்க்கும் என்று 1937-இல் அமெரிக்காவில் எல்வெஜெம் குழுவினர் கண்டதே, பெலாக்ராவுக்கும் மருந்தாயிற்று. பவானி பெலவாடியும் கோபாலனும், சோளம் சேர்ந்த உணவை நாய்களுக்கு இட்டுக் கருநாக்கு நோய் தோன்றுவதை 1965-இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். சோளத்தில் மிகுந்துள்ள லூசின் என்னும் அமினோ அமிலமே காரணம் என்ற அவர்கள் கருத்தைப் பற்றிப் பின்னர் மாறுபட்ட முடிவுகளும் வெளிவந்தன. எனினும் ஒன்று தெளிவு: வயிறு நிறைவது வேறு, உடல் நிறைவது வேறு. சோளமாயினும் அரிசியாயினும், ஒரே தானியத்தால் நாயை வளர்க்க இயலாது.

அப்படியாயின் இறைச்சியை மட்டும் இட்டால் போதுமா எனில், அதுவும் போதாது. 100 கிராம் கோழிக்கறியில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். பாஸ்பரசோ அதைவிடப் பத்து மடங்கிற்கும் மேல். நாயின் உணவில் சுண்ணாம்பு, பாஸ்பரசுக்குச் சமமாகவோ சற்று மிகுதியாகவோ இருத்தல் வேண்டும். வெறும் இறைச்சி உண்ணும் குட்டியின் உடல், தன் எலும்பையே கரைத்து அக்குறையை ஈடுசெய்ய முயலும்.

ஓநாயின் வழி வந்த நாய்க்குப் பச்சை இறைச்சியே இயற்கையானது என்று இன்று பலர் வாதிடுகின்றனர். ஆயின் நாய் ஓநாயாக நின்றுவிடவில்லை. மனிதனை அண்டி வாழ்ந்த காலத்தில், மாவுப்பொருளைச் செரிக்கும் மரபணுக்கள் நாயிடம் பெருகியிருப்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் 2013-இல் கண்டறிந்தனர். நாம் இட்ட சோற்றை உண்டு உண்டே அது நம் வீட்டு நாயாயிற்று எனலாம்.

பச்சை இறைச்சியின் தீங்கு நாயோடு நிற்பதுமில்லை. அதிலுள்ள சால்மோனெல்லா முதலிய கிருமிகள், நாய் நலமாகத் தோன்றும்போதே அதன் வாய், மலம், தட்டு ஆகியவற்றின் வழியே குழந்தைகளையும் முதியோரையும் சேரக்கூடும். உறைபெட்டியில் வைப்பதால் மட்டும் இவை அழிவதில்லை. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளாக வாழும் நாடாப்புழு ஒன்றும் உண்டு. அவ்வுறுப்புகளைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அப்புழு வளரும். அதன் முட்டைகள் மனித உடலில் புகுந்தால் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகள் உண்டாகும். கடைக்காரர் இலவசமாகத் தரும் கழிவு ஈரலை அப்படியே நாய்க்கு எறிவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். நன்கு வேகவைத்தால் இவ்வச்சம் நீங்கும். எலும்பு மட்டும் இதற்கு மாறு. வெந்த எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஐதராபாத்வாசிகளுக்கு இங்கே ஒரு சிறப்பு எச்சரிக்கை உரியது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் எஞ்சியது நாய்க்குரியதன்று. அதில் வெந்த எலும்பு உண்டு; வறுத்த வெங்காயமும் உண்டு. வெங்காயமும் பூண்டும், வெந்தாலும் வறுத்தாலும், நாயின் சிவப்பணுக்களை அழிக்க வல்லவை. அனாபெ ஷாஹி திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர் இது. திராட்சையோ, நம் பாயசத்தில் இடும் உலர்ந்த திராட்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும். சாக்லேட்டும், சைலிட்டால் சேர்ந்த இனிப்புகளும் நஞ்சே.

இனி, வீட்டில் சமைக்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். எலும்பு நீக்கிய கோழிக்கறியையோ முட்டையையோ உப்பும் மசாலாவுமின்றி வேகவையுங்கள். குழைந்த சோறும், வெந்த பூசணியோ காரட்டோ சேருங்கள். வெந்த ஈரல் வாரம் ஒருமுறை சிறிதளவு போதும். மிகுந்தால் வைட்டமின் ஏ அளவு கடக்கும். கொதிக்கவைத்து உலர்த்தி நுண்ணிதாக அரைத்த முட்டை ஓடு நல்ல சுண்ணாம்பு. 5 கிராம் பொடியில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உண்டு. ஆயினும் உங்கள் நாயின் எடைக்கும் வயதுக்கும் எவ்வளவு என்பதை மருத்துவரே கூற வேண்டும். பெரிய இனக் குட்டிகளுக்கு மிகுதியான கால்சியமும் தீங்கு செய்யும். இவ்வளவும் செய்தாலும் துத்தநாகம், தாமிரம், அயோடின் முதலியவை குறையக்கூடும். 2013-இல் கலிபோர்னியாவில் 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை ஆராய்ந்தபோது, 100-க்கு 95-இல் இன்றியமையாத சத்து ஒன்றேனும் குறைந்திருந்தது. அவற்றுள் மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன. ஆகவே ஒருமுறை வல்லுநரிடம் முறையாகக் குறிப்பு எழுதி வாங்குதல் நன்று.

மரக்கறி இல்லத்தார் கலங்க வேண்டியதில்லை. பூனையைப் போலன்றி, வளர்ந்த நாய் சத்துகள் முறையாகச் சேர்க்கப்பட்ட மரக்கறி உணவில் வாழ இயலும். ஆனால் வளரும் குட்டியிடம் அச்சோதனை வேண்டா.

எம் இல்லத்தில் என்ன நிகழ்ந்தது என்று நீங்கள் கேட்கலாம். பின்கட்டில் தனி அடுப்பும் தனிப் பாத்திரமும் வைத்தோம். மருத்துவர் கூறிய குட்டிகளுக்கான உணவும், மருந்தும், முட்டையும் கொடுத்தோம். முட்டையைத் தொடமாட்டேன் என்றிருந்த அன்னையார், மூன்றாம் வாரத்தில், “வெந்துவிட்டதா பார், அது காத்திருக்கிறது” என்று நினைவூட்டத் தொடங்கினார். கால்கள் பெரிதும் நிமிர்ந்தன. இடக்காலில் மட்டும் சிறு வளைவு இன்றும் எஞ்சி நிற்கிறது. அது யாரால் வந்தது என்பதை மணி அறியாது. நாம் மாலையில் படியேறும்போது அந்தக் காலையும் தூக்கிக்கொண்டுதான் ஓடி வருகிறது.

வாயில்லா உயிர் தன் தட்டைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. நாம் இட்டதை நம்பி உண்கிறது. அந்த நம்பிக்கைக்கு உரியவராக நடந்துகொள்ள அன்போடு சிறிது அறிவும் வேண்டும்.