உடல் நம்முடையது, பொறி எவருடையது?

(பழவேற்காட்டில் மீனவக் குப்பங்களின் பெருமக்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டம் தொடங்குமுன் இளைஞர் சிலர் ஒரு வினாவை எழுதி என் கையில் கொடுத்தனர். '2025 நவம்பர் 21ஆம் நாள் துபாய் வானூர்திக் காட்சியில் இந்தியப் போர்வானூர்தி ஒன்று மக்கள் கண்முன்னே விழுந்து எரிந்தது. அதன் வானோடியும் மாண்டார். இத்தனை ஆயிரம் கோடிகளைக் கொட்டிச் செய்த அந்த வானூர்தி உருப்படியானதுதானா?' என்பது அவ் வினா. நான் தமிழைப் பற்றிப் பேச வந்தவன். ஆயினும், டீசலுக்கு வரி கொடுக்கும் மக்கள் தம் காசின் கணக்கைக் கேட்கும்போது, 'அது நம் வேலையன்று' என்று நழுவுவது முறையாகாது. எனவே இன்றைய பேச்சை இவ் வினாவுக்கே ஒதுக்கிவிடுகிறேன்.

அவ் வானூர்திக்குத் 'தேசசு' என்று பெயர். 2003ஆம் ஆண்டு அன்றைய தலைமையமைச்சர் வாசுபாய் சூட்டிய வடமொழிப் பெயர். ஒளி என்றோ சுடர் என்றோ பெயரிட்டிருந்தால் அது பறக்க மறுத்திருக்காது. பெயர்ச் சண்டையை இன்று விட்டுவிடுவோம், பொருளுக்கு வருவோம்.

1983இல் இத் திட்டத்திற்கு நடுவணரசு இசைவளித்தபோது ஒதுக்கிய தொகை 560 கோடி உருபா. 1994ஆம் ஆண்டுக்குள் படையில் சேர்ப்பதாகப் பேச்சு. முதன்முறை அது நிலத்தைவிட்டு எழுந்ததோ 2001 சனவரி 4ஆம் நாள். முதல் அணி அமைந்தது 2016 சூலையில். அவ்வணி 2018இல் நம் கொங்குநாட்டுச் சூலூருக்கு வந்தது. 2020இல் இரண்டாம் அணியும் அங்கேயே அமைக்கப்பெற்றது. 2015ஆம் ஆண்டின் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையில் காணும் திட்டத்தொகை 10,397 கோடி உருபா. முப்பதாண்டுகளில் உருபாவின் மதிப்பு வீழ்ந்ததையும் திட்டம் விரிந்ததையும் கழித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள்; கழித்தே பாருங்கள். பணம் ஏறியதைக் காட்டிலும் காலம் கழிந்ததே பெரிய இழப்பு.

ஏனென்றால், தேசசு வந்து தாங்கியிருக்க வேண்டிய இடத்தைப் பழைய மிக்-21 வானூர்திகளே தாங்கிக் கொண்டிருந்தன. 1963இல் வந்த அவை 2025 செப்டம்பர் 26ஆம் நாள்தான் விடைபெற்றன. அந்த உருசிய மிக் வகைகளில் வாங்கிய 872 வானூர்திகளில் பாதிக்கு மேற்பட்டவை நேர்ச்சிகளில் அழிந்தன என்றும், 171 வானோடிகளும் 39 பொதுமக்களும் மாண்டனர் என்றும் 2012இல் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. அத்தனை சாவுக்கும் தேசசின் காலத்தாழ்வே கரணியம் என்று நான் சொல்லவில்லை. புதியது காலத்தில் வந்திருந்தால் பின்னாளைய இளைஞர் சிலராவது அப் பழங்கலங்களில் ஏறியிருக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்கிறேன். இன்று 42 அணிகள் இருக்க வேண்டிய வான்படையில் 29 அணிகளே எஞ்சியுள்ளன.

இதைக் கேட்டவுடன் ஒரு சாரார், 'வீண் செலவு, தூக்கி எறியுங்கள்' என்கின்றனர். மற்றொரு சாரார், 'நாட்டின் பெருமை, குறை சொல்லாதீர்' என்கின்றனர். இரு சாராரும் கணக்கேட்டைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

வானூர்தியின் உடலை முதலிற் பாருங்கள். கட்டுமரம் போய் நாரிழைப் படகு வந்தபோது நீங்கள் கண்ட மாற்றத்தை எண்ணிக் கொள்ளுங்கள்: எடை குறைவு, துருவில்லை, உறுதி மிகுதி. உங்கள் படகு கண்ணாடி நாரால் ஆனது. தேசசின் உடலில் பெரும்பகுதி கரிமநாரால் ஆனது. அதைச் செய்யும் திறமையை நம் வல்லுநர்கள் இங்கேயே வளர்த்தார்கள். அடுத்து, அதனை நேர்நிறுத்தும் கணிப்பொறி. விரைந்து திரும்பவேண்டும் என்பதற்காகவே அவ்வானூர்தி தானே நிலைகொள்ளாதபடி வடிவமைக்கப்பட்டது. நொடிதோறும் பன்முறை கணிப்பொறி திருத்திக் கொண்டிராவிட்டால் அது தாறுமாறாகப் புரளும். இதற்கான கணக்குகளை அமெரிக்க நிறுவனமொன்றோடு சேர்ந்து போட்டுக் கொண்டிருந்தபோது, 1998 அணுவெடிப்பைக் கரணியங் காட்டி அமெரிக்கா கதவை அடைத்தது. நம்மவர் வெறுங்கையோடு திரும்பி வந்து, தாமே அக் கணக்கை முடித்தார்கள். 2001இல் முதன்முறை பறந்ததிலிருந்து 2024 மார்ச்சு 12ஆம் நாள் செய்சால்மர் அருகே ஒன்று விழும்வரை, இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒரு தேசசும் விழவில்லை. செய்சால்மரில் வானோடி குதித்து உயிர் தப்பினார். ஆகவே துபாயில் கண்ட தீயை மட்டும் வைத்து அவ் வானூர்தியை எடைபோடுவது நேர்மையன்று.

கோளாறு எங்கே? பொறியில்.

படகு கட்டுகிறவன் பொறியின் குதிரைத்திறனைக் கேட்காமல் பலகையை அறுப்பானா? இவர்கள் அறுத்தார்கள். பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்தில் 1989இல் ஒரு பொறித் திட்டம் தொடங்கிற்று. செலவு 383 கோடி. முடியும் ஆண்டு 1996. பெயர் காவிரி! (இந்தப் பெயரை வைத்தவர்க்கு நகைச்சுவை உணர்வு மிகுதி போலும். ஆற்றுக் காவிரியும் பெங்களூர்ப் பக்கத்திலேயே சிக்கிக்கொண்டு நம்மிடம் வந்து சேர மறுக்கிறது.) மதிப்பீடு 2,839 கோடிக்கு ஏறியது. 2004இல் உருசியாவில் நடந்த உயர்வான் ஆய்வில் பொறி தேறவில்லை. வேண்டிய உந்துவிசை 81 கிலோநியூட்டன். கிடைத்தது 70 சொச்சம். எடையோ கூடுதல். 2008இல் காவிரியைத் தேசசிலிருந்து பிரித்துவிட்டார்கள். அமெரிக்கச் செனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியே இன்றும் அதனைத் தூக்கிச் செல்கிறது.

பொறி ஏன் இத்துணைக் கடினம்? உள்ளே சுழலும் சிறு தகடுகள் இருக்கின்றன. அவற்றின்மேல் பாயும் வளியின் வெப்பம், தகடு செய்த மாழையே உருகிவிடும் அளவையும் தாண்டியது. உருகாமலிருக்க ஒவ்வொரு தகட்டையும் ஒரே படிகமாக வார்த்து, அதனுள் நுண்துளைகள் இட்டுக் குளிர்காற்றைச் செலுத்துகிறார்கள். இவ் வார்ப்பு முறையை உலகில் ஒரு சில நாடுகளே அறியும். அறிந்தவர் விலைக்கும் சொல்லித் தருவதில்லை. ஆதலால் காவிரியில் தோற்ற வல்லுநர்களை நான் பழிக்க மாட்டேன். தோற்றது இழிவன்று. பதினைந்தாண்டுப் பாட்டுக்கு ஏற்ற பணமும், ஆளும், வானில் ஏற்றி ஆய்வு செய்யும் ஏந்தும் கொடுக்காமல், 'வந்துவிடும், வந்துவிடும்' என்று நாட்டுக்குச் சொல்லிக் கொண்டிருந்தார்களே, அதுதான் இழிவு.

அதிலும் இது முதன்முறையன்று. 1961 சூனில் 'மாருத்' என்ற போர்வானூர்தி பறந்தது. செருமானிய வல்லுநர் குர்த் தாங்கு வடித்தது. ஒலியை விஞ்சும் வடிவம். ஆனால் அதற்குத் தகுந்த பொறி கிடைக்கவில்லை. பிரித்தானிய நிறுவனமொன்று ஆற்றல் மிக்க பொறியை வளர்க்கப் பணம் கேட்டபோது நடுவணரசு கொடுக்க மறுத்தது. 147 மாருத்துகள் கட்டி, அவற்றையும் 1990க்குள் ஓரங்கட்டினார்கள். பின்னர் வந்தவர் படித்திருக்க வேண்டிய முதல் பாடம் அது.

'நம்மவர்க்குப் பொறி செய்ய வராது' என்று சொல்லுவார்க்கு விடை உங்கள் ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. சிறீஅரிக்கோட்டையில் ஏவூர்தி கிளம்பும் நாளில் 'கடலுக்குப் போகாதீர்' என்று ஆணை வருகிறது; அன்றைய பிழைப்பு போகிறது. அத் தீவிலிருந்த குடிகள் அப்புறப்படுத்தப்பட்டதும் உங்கள் மூத்தோர் அறிந்த செய்தி. அக் குறைகளை வேறொரு கூட்டத்தில் பேசலாம். இங்கே வேண்டியது ஒன்று. அவர்களுக்கும் ஒரு பொறி தேவைப்பட்டது: கடுங்குளிரில் நீர்மமாக்கிய வளிகளை எரிக்கும் பொறி. உருசியா தர ஒப்பியது. 1993இல் அமெரிக்கா தடுத்தது. நுட்பம் வரவில்லை; செய்து முடித்த பொறிகள் சில மட்டும் வந்தன. அவற்றை வைத்து 2001 முதல் ஏவிக் கொண்டே, நம் நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியில் தம் சொந்தப் பொறியை ஆய்ந்தார்கள். 2010 ஏப்பிரல் 15ஆம் நாள் அது கடலில் விழுந்தது. 2014 சனவரி 5ஆம் நாள் வென்றது. இருபதாண்டு! ஆனால் ஏவுகலமும் பொறியும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. விழுந்தால் ஊரே பார்க்க விழுந்தது. மறுநாள் எவரும் 'எல்லாம் நலமே' என்று சொல்லித் தப்ப முடியவில்லை. காவிரியோ அடைத்த கதவுக்குள் ஆண்டாண்டாய்த் தோற்றது. தணிக்கையாளர் வந்து சொன்ன பிறகே நாடறிந்தது.

பொறி பிறர் கையில் இருப்பதன் விலையை இப்போது பாருங்கள். 2021 பிப்பிரவரியில் 83 புதுவகைத் தேசசுகளுக்கு ஏறத்தாழ 48,000 கோடிக்கு ஒப்பந்தமிட்டார்கள். 2024 மார்ச்சிலிருந்து வரவேண்டும். அமெரிக்க நிறுவனத்திடம் கேட்ட 99 பொறிகளில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. ஆனால் பொறியின்மேல் மட்டும் பழியைப் போட்டு இந்துத்தான் வானூர்தி நிறுவனம் தப்பிக்கவும் முடியாது. பொறிகள் சில வந்து சேர்ந்த பின்னும், 2025ஆம் ஆண்டு முடியும்வரை அப் புதுவகையில் ஒன்றுகூடப் படைக்கு ஒப்படைக்கப்படவில்லை. வான்படைத் தலைவரே பொதுமேடையில் குறைபட்டுக் கொண்டார். அதற்கிடையே 2025 செப்டம்பரில் மேலும் 97 வானூர்திகளுக்கு 62,370 கோடிக்கு இரண்டாவது ஒப்பந்தம்! முன்னதில் ஒன்றின் பங்கு ஏறத்தாழ 578 கோடி. பின்னதில் 643 கோடி. உதிரிகளும் நிலத்துக் கருவிகளும் இதில் அடங்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'அப்படியானால் அயல்நாட்டில் வாங்கிவிட்டுப் போகலாமே' என்று கேட்கக்கூடும். 2016இல் பிரான்சிடம் 36 இரபேல் வானூர்திகளை ஏறத்தாழ 59,000 கோடிக்கு வாங்கினார்கள். ஒன்றுக்கு 1,600 கோடிக்கு மேல். அது பெரிய வானூர்தி, ஆற்றலும் மிகுதி. ஆயினும் திருகாணி ஒன்று கழன்றாலும் பாரிசைப் பார்க்க வேண்டும். உலகிலேயே மிகுசெலவுத் திட்டமான அமெரிக்க எப்-35 வகையைச் சேர்ந்த பிரித்தானிய வானூர்தி ஒன்று 2025 சூன் 14ஆம் நாள் திருவனந்தபுரத்தில் இறங்கி, கோளாறாகி, ஐந்து கிழமைக்கு மேல் அங்கேயே நின்றது. பழுது பார்க்க அவர்கள் நாட்டிலிருந்தே ஆள் வந்தது. பணமிருந்தால் கோளாறு வராது என்பதில்லை. இன்னொரு புறம் சுவீடனைப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு கோடி மக்கள். அவர்களும் அதே அமெரிக்கப் பொறியின் வகையை வாங்கித்தான் தங்கள் கிரிப்பனைத் தொடங்கினார்கள். ஆனால் தொடக்கத்திலேயே அதனை முடிவு செய்து, தம் நாட்டிலேயே அதனைக் கட்ட ஏற்பாடு செய்து, அந்தப் பொறிக்கு அளவாக உடலை வடித்தார்கள். 1988இல் பறந்தது, பிற நாடுகளுக்கும் விற்றார்கள்.

ஆகவே என் விடை இது: தேசசைத் தூக்கி எறிவது மடமை. பயின்ற கைகளும் அதனுடன் போய்விடும். ஆனால் பொறிக்கு வழி சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் கொண்டு போவதும் மடமையே. 2025 ஆகத்தில் பிரெஞ்சு நிறுவனமொன்றுடன் கூடி அடுத்த வகை வானூர்திக்கான பொறியைச் செய்யப் போவதாகப் படைத்துறை அமைச்சர் அறிவித்தார். நல்லது. அந்தத் தகட்டு வார்ப்பு நம் கைக்கு வருமா, வராதா? இதை ஒருவரும் தெளிவாகக் கேட்கக் காணோம்.

உங்கள் முகத்துவாரத்தையும் சொல்லாமல் போகமாட்டேன். மணல் மூடி, படகு கடலுக்குப் போக வழியின்றி எத்தனைக் கோடைகளில் தவித்தீர்கள்! இருபுறமும் கல்சுவர் கட்டி அதனை நிலையாகத் திறந்து வைக்கும் திட்டத்தின் மதிப்பீடு 26 கோடியே 85 நூறாயிரம் உருபா. இது மாநில அரசின் பை, அது நடுவணரசின் பை; இரண்டையும் ஒரே தட்டில் நிறுப்பது சரியன்று என்பது எனக்கும் தெரியும். ஆயினும் இரண்டு பைக்கும் காசு போவது ஒரே மடியிலிருந்து. ஒரு தேசசின் விலையில் இப்படி இருபது முகத்துவாரங்களைத் திறக்கலாம் என்பதை நாடாளுமன்றத்தில் கையுயர்த்துவோர் அறிந்திருக்க வேண்டும்.

இந்த ஏரியில் பாடு முறை என்றொன்றை வைத்திருக்கிறீர்கள். எந்த நாளில் எந்த இடத்தில் எந்தத் தலைக்கட்டு வலையிறக்குவது என்பதை ஊர் கூடிக் குலுக்கலிட்டு முடிவு செய்கிறீர்கள். எவர் முறை, எவர் தவறினார் என்பது குப்பத்துக்கே தெரியும். அவ்வளவு வெளிப்படையாகப் போர்வானூர்திக் கணக்கை வைக்க முடியாது. படைக் கமுக்கம் என்பது உண்டு. ஆனால் எந்த ஆண்டில் எத்தனை ஒப்படைப்பதாகச் சொன்னார்கள், எத்தனை ஒப்படைத்தார்கள், தவறியதற்கு எவர் பொறுப்பு என்பவற்றில் பகைவனுக்குத் தெரியாத கமுக்கம் ஒன்றுமில்லை. இம் மூன்றையும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்குமாறும், பொறிக்குத் தனியாக ஒதுக்கிய தொகையைச் சொல்லுமாறும், திருவள்ளூர்த் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்க்கு ஒரு மடல் தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, ஒப்புடையோர் கையெழுத்திடுங்கள். ஒப்பாதவர் தம் மறுப்பை அதே தாளின் பின்புறத்தில் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தே அனுப்புவோம்.