கடகடவென்று ஒரு சத்தம்



சந்தை வேலை முடிந்து, சமையலை முடித்து வந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பேச மாட்டேன். இந்தத் துணிப் பொட்டலத்தில் ஒரு சாமான் இருக்கிறது. கடைசியில் பிரித்துக் காட்டுகிறேன்.

எங்கள் அப்பாவின் வண்டி உங்களுக்குத் தெரியும். பழைய ஹீரோ ஹோண்டா சி.டி.100. விடிவதற்கு முன்பே கத்தரிக்காய் மூட்டையோடு வேலந்தாவளம் சந்தைக்கு வந்துவிடும். அந்த வண்டிக்கு ஒரு நோவு வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இந்த வண்டி முதலில் 1985-ல் வந்தது. ஹரியானா மாநிலத்தில் தாருஹேரா என்ற ஊரில் செய்தார்கள். அதற்கு முன்பு நம் பக்கம் ஓடியவை பெரும்பாலும் ராஜ்தூத், மைசூரில் செய்த யெஸ்டி, சென்னையில் செய்த புல்லட். ஹீரோ ஹோண்டா குறைந்த பெட்ரோலில் நிறைய தூரம் ஓடியது. 'பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு' என்று விளம்பரம் செய்தார்கள். நம் ஆட்கள் பெட்ரோலோடு சேர்த்து எஞ்சின் ஆயிலையும் மறந்துவிட்டார்கள். பாதி நோவு அங்கேதான் ஆரம்பம்.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது?

அங்கே இரண்டு சின்னக் கதவுகள் இருக்கின்றன. அவற்றுக்கு வால்வு என்று பெயர். ஒரு கதவு வழியாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். இன்னொரு கதவு வழியாகப் புகை வெளியே போகும். இந்தக் கதவுகளைத் திறப்பது கேம் என்ற உருளை. அது எஞ்சினின் தலைப்பக்கம் இருக்கிறது. அதைச் சுற்றுவதற்குப் பின்னாலிருந்து ஒரு செயின் போகிறது. சைக்கிள் செயின் மாதிரிதான், ஆனால் சிறியது. இதைத்தான் பட்டறையில் டைமிங் செயின் என்கிறார்கள். கிராங்கு இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

ஓட ஓடச் செயினின் ஒவ்வொரு முளையும் கொஞ்சம் தேயும். ஒரு முளையில் தேய்வது கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் சேர்ந்தால் செயின் நீண்டுவிடும், தொய்ந்துவிடும்.

வீட்டில் துணி காயப்போடும் கொடி தொய்ந்தால் என்ன செய்வோம்? நடுவில் ஒரு கவைக்கம்பைக் கொடுத்துத் தூக்கி நிறுத்துவோம். செயினுக்கும் அப்படி ஒரு கவைக்கம்பு உண்டு. அதுதான் டென்ஷனர். சி.டி.100 வண்டியில் ஒரு ராடும் அதற்கு அடியில் ஒரு ஸ்பிரிங்கும் இருக்கின்றன. ராடின் தலையில் ரப்பர். ஸ்பிரிங் ராடைத் தள்ளும். ராடு ஒரு சின்னக் கையைத் தள்ளும். அந்தக் கையின் முனையில் உள்ள ரப்பர் உருளை செயினை அழுத்திப் பிடிக்கும். ஆயிலும் சேர்ந்துதான் ராடை ஆடாமல் பிடித்துக் கொள்கிறது. ஆயில் குறைந்தால் பிடிப்பும் குறையும்.

பழைய ராஜ்தூத், பழைய யெஸ்டி வண்டிகளுக்கு இந்த வால்வே கிடையாது. பழைய புல்லட்டில் வால்வு உண்டு, ஆனால் அதைத் தள்ளுவது நீளமான கம்பி. அந்த வண்டிகளுக்கு டைமிங் செயின் போட்டேன் என்று யாராவது பணம் கேட்டால், எங்கே போட்டீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள்!

சரி, அப்பா வண்டிக்கு வருகிறேன். எஞ்சினின் இடது பக்கத்தில் கடகட என்று சத்தம் வந்தது. ஆக்ஸிலேட்டரை விடும்போது அதிகமாகக் கேட்டது. சந்தைக்கு வந்த ஒருவர், "செயின் போச்சுங்க" என்றார். அப்பா கோயம்புத்தூருக்குப் போய் ஒரு பட்டறையில் விட்டார். மாலையில் சத்தமில்லாத வண்டி வந்தது. கூடவே ஒரு பில்லும் வந்தது. ஒரு வாரக் காய்க் காசு அதில் போய்விட்டது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மறுபடியும் கடகட.

இந்தத் தடவை உள்ளூர் மெக்கானிக் மாமாவிடம் போனோம். நானும் அம்மாவும் கூடப் போயிருந்தோம். மாமா ஒரு ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் வைத்தார். பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "டிக் டிக்குன்னு ஒழுங்காக் கேட்டா வால்வுச் சத்தம், கண்ணு. இது அது இல்லை. டென்ஷனர்தான் பிடிக்கலை" என்றார்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு ஆயிலை வடித்தார். எஞ்சினின் அடியில், இடது பக்கம் ஒரு பெரிய போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினார். ஸ்பிரிங்கும் ராடும் கையில் வந்து விழுந்தன. புது ஸ்பிரிங் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எங்களுடையது குட்டையாக இருந்தது. ராடின் தலையில் ரப்பர் கல்லாகக் காய்ந்து, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது.

"புதுச் செயினுக்குப் பழைய ராடையே போட்டு அனுப்பியிருக்காங்க. அப்புறம் எப்படி நிக்கும்?" என்றார் மாமா.

அம்மா பேசாமல் பையிலிருந்து அந்தப் பில்லை எடுத்தார். கையால் தமிழில் எழுதிய பில். அம்மா இந்த மையத்தில் படிக்க ஆரம்பித்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "செ...யி...ன். ஆ...யி...ல். ரா...டு. ஸ்...பி..." அங்கே கொஞ்சம் நின்றார். நான் சொல்லித் தரவில்லை. "ஸ்பிரிங்!" என்றார். பிறகு மாமாவின் கையில் இருந்ததைப் பார்த்தார். "இது ரெண்டுக்கும் காசு வாங்கியிருக்காங்களே" என்றார்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. "நாளைக்குப் போகலாம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அம்மாவும் அப்பாவும் பஸ்ஸில் போனார்கள். பட்டறைக்காரர் முதலில், "அது வேற வண்டி பில்லுங்க" என்றாராம். அம்மா பில்லில் இருந்த வண்டி நம்பரைப் படித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ராடுக்கும் ஸ்பிரிங்குக்கும் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் காசு நமக்கு நஷ்டம்தான்.

மெக்கானிக் மாமா புது ராடை ஆயிலில் நனைத்து உள்ளே விட்டார். ஸ்பிரிங், புது வாஷர், போல்ட். போல்ட்டை அளவாகத்தான் முறுக்கினார். எஞ்சின் உடம்பு அலுமினியம், அழுத்தி முறுக்கினால் மரை போய்விடும். மரை போனால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும். பிறகு புது ஆயில் ஊற்றினார். ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தது.

சிலர் பழைய ஸ்பிரிங்கையே கையால் இழுத்து நீட்டிப் போடுவார்கள். அது சில நாளுக்குத்தான். சிலர் அடியில் வாஷர் வைத்துத் தூக்குவார்கள். அப்போது செயின் மிகவும் இறுகி ரப்பர் உருளையைத் தின்றுவிடும். உருளை தேய்ந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். அதற்கு இடது பக்கத்து மேக்னட்டைக் கழற்ற வேண்டும். அது பட்டறை வேலை, வீட்டில் செய்ய வேண்டாம்.

சத்தம்தானே, ஓடும்வரை ஓடட்டும் என்று விடலாமா? விடக்கூடாது. தொய்ந்த செயின் ஒரு பல் தாண்டிவிட்டால் கதவுகள் நேரம் தவறித் திறக்கும். பிஸ்டன் வால்வில் மோதலாம். வால்வு வளைந்துவிடும். அப்போது எஞ்சினின் தலையையே பிரிக்க வேண்டும். அது விடிகாலையில் மூட்டையோடு நடுவழியில் நடந்தால், அன்றைய காய் சந்தைக்குப் போய்ச் சேராது.

அப்பா இப்போது ஆயில் மாற்றும் தேதியைக் காலண்டரில் எழுதச் சொல்கிறார். எழுதுவது அம்மா.

இதோ, பொட்டலத்தைப் பிரிக்கிறேன். இதுதான் அந்தப் பழைய ராடு. இது ஸ்பிரிங். தலையில் உள்ள ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், அமுங்காது. கையில் கொஞ்சம் எண்ணெய் ஒட்டும், பரவாயில்லை. முன் வரிசையிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள்.