பட்டியலில் இல்லாத காற்று



திருவெண்ணெய்நல்லூர் ஒரு வழக்கால் பேர்பெற்ற ஊர். ஓர் ஓலையைக் காட்டிச் சுந்தரரை அடிமை என்று இந்த ஊர் அவையில் தீர்த்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. பக்தியைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்குப் படுவது வேறு: அவை ஏற்றது எழுத்தை. எழுத்தில் ஏறாத துயரம் எந்த அவையிலும் ஏறாது. காற்றின் கதையும் இதுதான்.

நம் பக்கத்தில் ஓடும் தென்பெண்ணை கடலில் சேருமிடம் கடலூர். அங்கே 1980களில் சிப்காட் வந்தது. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி என்று இரசாயன ஆலைகள் வரிசையாக நின்றன. குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி மக்கள் நாற்றத்தோடு வாழப் பழகவில்லை; முறையிட்டார்கள். ஆனால் நாற்றம் என்ற சொல்லுக்கு அரசின் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

நாடு முழுவதும் கண்காணிப்பு நிலையங்கள் வழக்கமாக அளந்தது கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, தூசி. அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள். நிலக்கரிப் புகைக்கும் வண்டிப் புகைக்கும் அது பொருத்தமான பட்டியல். மருந்து ஆலையில் கசிவதோ கரைப்பான்களின் ஆவி. வலையின் கண் பெரிதாக இருந்தால் மீன் இல்லை என்றா பொருள்?

2004-ல் அந்த மக்களே கண்காணிப்பாளர்கள் ஆனார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை. நாற்றம் வீசும் நேரத்தில் அதில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 22 நச்சு இரசாயனங்கள் இருந்ததாக அவர்களின் அறிக்கை சொன்னது. அவற்றில் 8 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே கடலூரைக் கடுமையாக மாசுபட்ட தொழில்பகுதிகளில் ஒன்றாக அறிவித்தது.

அதே ஆண்டு தேசியக் காற்றுத்தர அளவுகள் திருத்தப்பட்டன. பென்சீன், ஆர்செனிக், நிக்கல் எல்லாம் சேர்ந்து 12 மாசுகள். நல்லது. ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு அதில் இல்லை. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் வாயு அது. அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும். பிறகு நாற்றம் தெரியாது, உயிர்தான் போகும். மலக்குழியில் இறங்கும் நம் பிள்ளைகளைக் கொல்வது அதுதான். தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை அதற்கு வரம்பு வைத்தது: எட்டு மணி நேர வேலைக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கு. ஆலைச் சுவருக்கு உள்ளே வரம்பு. சுவருக்கு வெளியே, இரவும் பகலும் அங்கேயே படுத்துறங்கும் குழந்தைக்குத் தேசிய வரம்பு எதுவும் இல்லை.

வாளி நமது கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் லூசியானா மாநிலம் நார்கோ ஊரில், ஷெல் ஆலையை ஒட்டிய டைமண்ட் குடியிருப்பில் கறுப்பின மக்கள் அதைக் கையில் எடுத்தார்கள். மார்கி ரிச்சர்ட் என்ற ஆசிரியை முன்னின்றார். 2002-ல் அந்த நிறுவனம் அவர்கள் இடம்பெயரச் செலவு தர ஒப்புக்கொண்டது. சேரிக் காற்று ஊருக்குள் வரக்கூடாது என்று திசை பார்த்துக் குடிவைத்த நாட்டில், ஆலைக் காற்று எந்தத் திசையில் போகிறது என்று கேட்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே ஒரு தொழில் நகரத்தில் எதை அளப்பது என்று முடிவெடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம். ஆலைக்குள் என்ன மூலப்பொருள் போகிறது? பட்டியல் அங்கிருந்து தொடங்கட்டும். எப்போது வெளிவருகிறது? நள்ளிரவில் ஒரு மணி நேரம் திறந்துவிட்டதை 24 மணி நேரச் சராசரி கரைத்துவிடும். கருவி எங்கே நிற்கிறது? காற்று வந்து சேரும் குடியிருப்பிலா, அலுவலக மொட்டைமாடியிலா?

அந்தக் குழு கூடும் மேசையில் வாளி பிடித்த பெண்ணுக்கும் மலக்குழித் தொழிலாளிக்கும் நாற்காலி வேண்டும். எதை எழுதுவது என்று தீர்மானிக்கும் இடத்தில் நாம் இல்லாதவரை, நமக்கெதிரான ஓலைகள் மட்டுமே செல்லுபடியாகும்.

ஜெய்பீம்.