ஒலிபெருக்கி வரை வந்த ஆராய்ச்சி



தடா ஊர்க்காரர்களுக்கு ராக்கெட் புதிதல்ல. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. முதலில் வெளிச்சம் தெரியும், சத்தம் கொஞ்சம் பொறுத்து வரும். 2009 செப்டம்பர் 23 அன்று அப்படி ஏறிப் போனதுதான் ஓஷன்சாட்-2. கடலின் நிறத்தைப் பார்க்கிற செயற்கைக்கோள்.

நிறத்தைப் பார்த்து ஆவதென்ன? நுண்பாசி செழித்த இடத்தில் கடல் பச்சை பிடித்திருக்கும். பாசியைத் தின்னச் சிற்றுயிர்கள் வரும். அவற்றைத் தேடி மீன் வரும். நிறத்தோடு நீரின் வெப்பத்தையும் சேர்த்துக் கணித்து, மீன் கூடக்கூடிய இடத்தை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் சொல்கிறது. காற்றையும் நீவாடு என்கிற நீரோட்டத்தையும் பார்த்தே மீன்பாடு தேடிப் பழகியவர்களுக்கு இது நல்ல துணை. அலைந்து தேடுவது குறைந்தால் டீசல் மிச்சம்.

சரி, ஹைதராபாத்தில் போட்ட கணக்கு, விடியுமுன் படகு தள்ளுகிறவர் காதுக்கு எப்படி வந்து சேரும்?

இந்தக் கேள்வியைப் புதுச்சேரிப் பக்கம் முன்பே கேட்டிருக்கிறார்கள். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு, அங்கே கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வைத்துத் தமிழில் சொன்னார்கள். கணினியைத் தொட்டே பார்க்காதவரும், வலையைப் பொத்திக்கொண்டே அதைக் கேட்க முடிந்தது. செயற்கைக்கோளுக்குக் கொடுக்கிற மரியாதையை அந்த ஒலிபெருக்கிக்கும் நான் கொடுப்பேன்.

2004 டிசம்பர் 26 காலை. பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்ததும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊருக்குள் தண்ணீர் வருகிறது என்றார்கள். ஓடுங்கள், எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள் என்றார். பூட்டியிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் பிழைத்தார்கள்.

அந்த மைக்கைச் சுனாமிக்காக யாரும் வைக்கவில்லை. அன்றாடச் செய்தி சொல்ல வைத்தது. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல் என்பதால்தான், அது ஓடச் சொன்னபோது ஊர் நின்று யோசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது அதே சுவாமிநாதன் நிறுவனத்தின் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலி, கடல் நிலவரத்தைக் கைபேசியிலேயே தருகிறது. தமிழிலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. தடா போன்ற இருமொழி ஊருக்கு இரண்டுமே வேண்டும். ஆனாலும் எல்லார் கையிலும் அதற்கேற்ற போன் இருக்காது. இருந்தாலும் சார்ஜ் இருக்காது.

கரையோர ஊர்களில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மைக் செட் வேலை செய்கிறதா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது, இந்த இரண்டையும் இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.