மண்டை ஓடும் மாங்காய்ப் பூட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "வேலை வாய்ப்பு பத்தி ஏதாவது சொல்லுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நான் போர்டு பற்றிப் பேசுகிறேன் என்றேன். "எந்த போர்டு, மின்சார போர்டா?" என்று கேட்டார். அதுவும் வரும். ஆனால் நான் சொல்வது தகர போர்டு. "அபாயம்" என்று எழுதி, மண்டை ஓடும் இரண்டு எலும்பும் போட்டு மாட்டியிருப்பார்களே, அந்த போர்டு. பன்னிரண்டு வருஷமாக ஆலைகளில் பராமரிப்பும் பாதுகாப்பும்தான் என் பிழைப்பு. அந்தத் தகரத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதையும் உண்டு, ஒரு கோபமும் உண்டு.

முதலில் மரியாதை. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 35ஆவது விதி இந்த போர்டைப் பற்றியது. நடுத்தர அழுத்தமும் அதற்கு மேலும் உள்ள மின் அமைப்பின் சொந்தக்காரர், கண்ணில் படும் இடத்தில், நிரந்தரமாக, அபாய அறிவிப்பு வைக்க வேண்டும். இந்தி அல்லது ஆங்கிலத்திலும், அந்த மாவட்டத்தின் மொழியிலும் இருக்க வேண்டும். மண்டை ஓடும் எலும்பும் இருக்க வேண்டும். அந்தப் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே ஐ.எஸ். 2551 என்று தனித் தரம் உண்டு. 2010இல் புது விதிமுறைகள் வந்தபோதும் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனிதன் எந்த மொழியில் பயப்படுவான் என்று யோசித்து ஒரு சட்டம் எழுதியிருக்கிறார்கள் பாருங்கள், அதற்குத்தான் மரியாதை.

இப்போது கோபம். நம் ஊரில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நாகல் நகர் வரைக்கும் நடந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் அந்த போர்டின் மேலேயே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கும். செத்தவர் சிரித்துக்கொண்டிருப்பார், மண்டை ஓடு பின்னால் மறைந்திருக்கும்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு ஆலைக்கு ஒருமுறை தணிக்கைக்குப் போனேன். பெயர் வேண்டாம். உள்ளே நுழைந்ததும் எனக்குச் சந்தோஷம்தான், எங்கு பார்த்தாலும் சிவப்பு போர்டு. மின் பேனலில் அபாயம். சரி. கார்டிங் மெஷின் மூடியில் அபாயம். சரி. படிக்கட்டில் அபாயம், ஈரத் தரையில் அபாயம், குடிதண்ணீர்க் குழாய்க்கு மேலே அபாயம். தண்ணீரில் என்ன என்று கேட்டேன். "கீழே வழுக்கும் சார்" என்றார் மேஸ்திரி. நாற்பதுக்கு மேல் எண்ணினேன். அங்கே வேலை செய்யும் ஒரு பெண்ணை, வயது இருபதுகூட இருக்காது, கூப்பிட்டு, "இந்தப் பேனலில் என்ன எழுதியிருக்கும்மா?" என்றேன். திரும்பிப் பார்த்துத்தான் சொன்னாள். தினம் பத்து மணி நேரம் அதன் பக்கத்தில் நிற்பவள் அவள்.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொல் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கத் தரத்தில் 'டேஞ்சர்' என்றால், விலகாவிட்டால் சாவு அல்லது பலத்த காயம் நிச்சயம். 'வார்னிங்' என்றால் சாவு நேரலாம். 'காஷன்' என்றால் சிறிய அல்லது நடுத்தரக் காயம். தமிழில் நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்? அபாயம், எச்சரிக்கை, ஜாக்கிரதை, கவனம் என்று நான்கு இருக்கிறது. ஆனால் படியாக அடுக்கி வைக்கவில்லை. பெயிண்டருக்கு எது எழுத வருமோ, எது தகரத்தில் அடங்குமோ அதுதான் சொல். நாய்க்கு ஜாக்கிரதை, பள்ளத்துக்குக் கவனம், வழுக்கலுக்கு அபாயம். தம்பிகளே, நீங்கள் நாளைக்கு எந்த ஆலைக்குப் போனாலும் இந்த நான்கையும் தரம் பிரியுங்கள். ஆளைக் கொல்லும் இடத்துக்கு மட்டும் 'அபாயம்' என்ற சொல்லையும் மண்டை ஓட்டையும் ஒதுக்கி வையுங்கள். வழுக்குவதற்கெல்லாம் மண்டை ஓட்டைச் செலவழித்துவிட்டால் சாவுக்குக் காட்ட வேறு படம் கிடையாது.

சரி, நம்ம ஊரில் ஆளைக் கொல்லும் இடம் எது? எல்லோரும் மின்சாரம் என்பீர்கள். நான் தோல் ஷாப்பைச் சொல்வேன்.

திண்டுக்கல்லுக்குப் பூட்டு எப்படியோ அப்படித்தான் தோலும். 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிக் கொடுத்த புகழ்பெற்ற தீர்ப்பில், அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார் மாவட்டங்களோடு திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் இருந்தது. நிலத்தடி நீர் கெட்டது பற்றி நாடே பேசியது. அது பேச வேண்டியதுதான். ஆனால் அந்தக் குழிக்குள் இறங்கும் ஆளைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை.

கெமிஸ்ட்ரி சுருக்கமாகச் சொல்கிறேன். தோலிலிருந்து முடி எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுவார்கள். அந்தத் தண்ணீர் காரமானது. காரமாக இருக்கும்வரை சல்ஃபைடு தண்ணீருக்குள் அடங்கிக் கிடக்கும். அடுத்தடுத்த வேலைகளில், பிக்கிள் செய்யும்போது, அமிலம் வரும். இந்த இரண்டு கழிவும் ஒரே குழியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அமிலமே சேராவிட்டாலும், சகதி பல நாள் தேங்கிக் கிடந்தால் உள்ளே பாக்டீரியா அதே வாயுவைத் தயாரித்து வைத்திருக்கும். மேலே ஏடு படிந்து அமைதியாக இருக்கும். ஆள் இறங்கி மண்வெட்டியால் கிளறியதும் மொத்தமாக வெளியே வரும். காற்றைவிடக் கொஞ்சம் கனம், அதனால் குழியை விட்டு மேலே வராமல் அடியிலேயே நிற்கும்.

இதில் ஒரு துரோகம் இருக்கிறது. அழுகின முட்டை நாற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், அதற்கும் குறைவாக இருந்தாலே மூக்கு சொல்லிவிடும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்குப் போனால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, வாயு போய்விட்டது என்று ஆள் நினைப்பான். 500, 700 பங்கில் சில நிமிடத்தில் சாய்ந்துவிடுவான். 1000 பங்கைத் தாண்டினால் இரண்டொரு மூச்சுதான். "நாத்தம் இல்ல, எறங்கு" என்று மேலே நிற்பவர் சொல்லும் வார்த்தைதான் தோல் ஷாப்பில் மிக ஆபத்தான வார்த்தை.

அடுத்தது அதைவிடக் கொடுமை. ஒருவன் விழுந்ததும் பக்கத்தில் இருப்பவன் சும்மா நிற்பானா? அண்ணனாக இருப்பான், மச்சானாக இருப்பான், ஒரே ஊர்க்காரனாக இருப்பான். குதிப்பான். அவனும் விழுவான். மூன்றாவது ஆள் குதிப்பான். 1986இல் அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பில், இந்த மாதிரி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. நம் செய்தித்தாளில் "விஷ வாயு தாக்கி" என்று தொடங்கும் தலைப்பில் மூன்று பேர், நான்கு பேர் என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆவது பிரிவில் வழியைச் சொல்லியிருந்தது. இறங்குமுன் தகுதியுள்ள ஒருவர் சோதித்து, பாதுகாப்பானது என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் மூச்சுக் கருவி போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி, கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கயிறு எதற்கு? வெளியே இருப்பவன் உள்ளே இறங்காமலே இழுப்பதற்கு. எழுபது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்த விஷயம்.

அதனால் குழிக்குப் பக்கத்தில் வைக்கும் போர்டில் வெறுமனே 'அபாயம்' என்று எழுதினால் போதாது. நான் வைக்கச் சொல்லும் வாசகம் இது: "அபாயம். விஷ வாயு. நாற்றம் இல்லாவிட்டாலும் சாவு. அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்காதே. உள்ளே ஒருவர் விழுந்தால் நீ இறங்காதே. கயிற்றை இழு, 108க்குச் சொல்." பெயிண்டர்கள் "இவ்வளவு எழுத்தா சார்?" என்பார்கள். பெரிய தகரம் வாங்குங்கள் என்பேன். கடைசிக்கு முந்தின வரிதான் அதில் முக்கியம். அது முதல் ஆளுக்கு எழுதினது இல்லை, இரண்டாவது ஆளுக்கு எழுதினது. போர்டை மூடியின் மேல் அடிக்காதீர்கள். மூடியைத் திறந்து கவிழ்த்துப் போட்டதும் போர்டும் கவிழ்ந்துவிடும். பக்கத்தில் தனிக் கம்பம் நட்டு மாட்டுங்கள். ஈயம் கலந்த வெள்ளைப் பெயிண்ட் அடிக்காதீர்கள், அந்த வாயு பட்டால் கறுத்துப்போகும்.

இங்கே ஒரு நண்பர் கேட்பார், படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான் என்று. இன்றைக்கு நம் ஆலைகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். மாவட்ட மொழி என்று 1956இல் எழுதினார்கள். இன்றைக்கு ஒரு ஷெட்டுக்குள் மூன்று மாநில மொழி இருக்கிறது. போபால் ஆலையில் இயக்கக் கையேடும் பாதுகாப்பு அறிவிப்பும் ஆங்கிலத்தில் இருந்தன, தொழிலாளர் பலருக்கு இந்தி மட்டுமே தெரியும் என்று 1984 விபத்துக்குப் பிறகு எழுதினார்கள். ஒடியாவில் நாலு வரி எழுதி வாங்க எவ்வளவு செலவாகும்? அங்கேயே வேலை செய்யும் ஒரு ஒடியாத் தம்பிக்கு ஒரு டீ.

படமும் தானாகப் பேசிவிடாது. கதிர்வீச்சுக்கு மஞ்சளில் மூன்று இதழ்ச் சின்னம் பார்த்திருப்பீர்கள். தெரியாதவனுக்கு அது மின்விசிறி. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடையில், டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவி ஒன்றைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒருவர் உயிர் போனது, பலருக்கு உடம்பு புண்ணானது. இந்த மாதிரி விபத்துகள் உலகத்தில் பல நடந்ததால்தான் 2007இல் சர்வதேச அணுசக்தி முகமையும் சர்வதேசத் தர அமைப்பும் சேர்ந்து புதுச் சின்னம் கொண்டுவந்தன. சிவப்பு முக்கோணம், கீழே மண்டை ஓடு, ஓடும் மனிதன். இந்தியா உட்பட 11 நாடுகளில் சாதாரண ஜனங்களிடம் காட்டிக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். என்னைக் கேட்டால் அந்த ஓடும் மனிதன்தான் பாராட்ட வேண்டியவன். என்ன செய்ய வேண்டும் என்று அவன்தான் சொல்கிறான். போர்டு எழுதி முடித்ததும் நாமும் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் காட்டி, "இதைப் பார்த்தா என்ன செய்வீங்க?" என்று கேட்க வேண்டும். தப்பாகச் சொன்னால் தப்பு போர்டில்தான்.

இப்போது பூட்டுக்கு வருகிறேன். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று நம் ஆட்கள் கையாலே ராவி ராவிச் செய்தது வீட்டுக்கும் கோயிலுக்கும் போனது. ஆனால் பூட்டு அதிகம் தேவைப்படும் ஒரு இடத்துக்கு நம் ஊரிலேயே அது போகவில்லை. மெயின் சுவிட்ச்.

ஒருவர் மெஷினுக்குள் கையை விட்டு வேலை செய்கிறார். சுவிட்சை அணைத்து, "ஆள் வேலை செய்கிறார்" என்று அட்டை மாட்டியிருக்கிறார். ஷிப்ட் மாறுகிறது. வந்தவர் அட்டையைப் பார்க்காமல் சுவிட்சைப் போடுகிறார். மில் ஓடுகிற ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். அமெரிக்காவில் 1989இல் இதற்கென்றே விதி போட்டார்கள்: சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடு, பூட்டில் உன் பெயர் அட்டை, சாவி உன் சட்டைப் பையில். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை மெஷின் ஓடாது. போர்டு சொல்லத்தான் செய்யும், பூட்டு தடுக்கும். பூட்டு ஊரில் இந்த வேலைக்கு வெளியூரிலிருந்து பிளாஸ்டிக் பூட்டு வரவழைக்கிறோம். இங்கே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கல் பிரிவுத் தம்பிகள் இறுதியாண்டுப் புராஜெக்டுக்கு ரோபோ செய்கிறேன் என்கிறீர்கள். செய்யுங்கள். ஒரு குழுவாவது நாகல் நகர்ப் பட்டறைக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து சுவிட்சுக்கு ஏற்ற பூட்டு ஒன்று செய்து பாருங்களேன்.

ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. போர்டால் ஆகாத இடம் உண்டு. 2015 ஜனவரி 31 விடியற்காலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சகதி நிறைந்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவரில் எந்த போர்டை மாட்டியிருந்தால் என்ன? தூங்குகிறவன் போர்டு படிப்பதில்லை. அங்கே ஆளைப் படுக்க வைத்திருக்கவே கூடாது. முதலில் ஆபத்தை எடு, முடியாவிட்டால் மாற்று, அதுவும் முடியாவிட்டால் தடுப்பு வை. எல்லாம் செய்த பிறகு மிச்சம் இருப்பதற்குத்தான் போர்டு. குழிக்குள் ஆளை இறக்காமல் பம்ப் வைத்து சகதி எடுக்க முடியுமா என்று கேட்காமல் நேராகப் பெயிண்டரைக் கூப்பிடும் என்ஜினியர் பாதி என்ஜினியர்தான்.

முதல்வர் அவர்களிடம் காலையிலேயே அனுமதி வாங்கிவிட்டேன். ஆண்கள் விடுதிக்குப் பின்னால் செப்டிக் டேங்க் இருக்கிறது, நான் படித்த காலத்திலிருந்து அதற்கு ஒரு போர்டும் இல்லை. அதற்கு உள்ளேயும் நான் சொன்ன அதே வாயுதான். காரில் இரண்டு போர்டு எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன், தமிழிலும் இந்தியிலும். சாப்பாடு முடிந்ததும் மூன்று மணிக்கு மாட்டப் போகிறோம். கடப்பாரை பிடிக்க நாலு பேர் வேண்டும். சிமெண்ட் விடுதி ஸ்டோரில் இருக்கிறதாம்.