இரவில் சாவி யாரிடம் இருக்கிறது?

(கும்மிடிப்பூண்டியில் கல்லூரி, ஐ.டி.ஐ. மாணவர்கள் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தீ என்று சொன்னதும் நம் இயக்கத்துக்காரர்களுக்கு வெண்மணிதான் நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரே குடிசைக்குள் 44 பேர். அதற்குப் பிறகு 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி. இவையெல்லாம் சாதி வைத்த தீ. வைத்தவன் யார், வைக்கச் சொன்னவன் யார் என்று நாம் கை நீட்டிச் சொல்ல முடியும். இன்றைக்கு நான் பேச வந்தது யாரும் வைக்காத தீயைப் பற்றி. விடுதி அறையில், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொடங்குகிற தீ. அதில் எங்கே தோழர் சாதி என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

நான் சிப்காட்டில் ஓர் ஆலையில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்க திருவள்ளூர் மாவட்டத்து ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றில். விடுதி இல்லையென்றால் நான் எட்டாம் வகுப்போடு செங்கல் சூளைக்குப் போயிருப்பேன். அதனால் விடுதியைத் திட்ட எனக்கு ஆசையில்லை. விடுதி நம் முன்னோர் போராடி வாங்கியது. அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா 1925இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரில் பள்ளியும் விடுதியும் நடத்தினார். வாடகைக்கு வீடு தராத ஊரில் பிள்ளை தங்கிப் படிக்க வேறு வழி கிடையாது. 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டேன், இப்போது மெயின் போர்டைப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

மெயின் போர்டில் என்ன இருக்கும்? நாற்பது பேருக்கு என்று ஒயரிங் செய்த கட்டிடம். அப்போது ஒரு அறைக்கு இரண்டு டியூப்லைட், ஒரு ஃபேன். இன்று அதே ஒயரில் ஆளுக்கொரு செல்போன் சார்ஜர், இரண்டு லேப்டாப், ஒரு அயர்ன் பாக்ஸ், கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த தண்ணீர் சுட வைக்கும் ராடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1500 வாட் ராடு ஒன்றே ஆறரை ஆம்பியர் இழுக்கும். நம் அறைச் சுவரில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். அதே பாக்ஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸையும் சேர்த்தால் பதினோரு ஆம்பியரை நெருங்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும். இது பத்தாம் வகுப்பிலேயே படித்ததுதான். ஃபியூஸ் போக வேண்டும். ஆனால் அடிக்கடி போகிறதே என்று யாரோ ஒருவர் கனமான செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார். இனி ஃபியூஸ் போகாது. சுவருக்குள் ஒயர் போகும்.

வார்டன் என்ன செய்வார்? ராடு பிடிபட்டால் அபராதம் என்று நோட்டீஸ் ஒட்டுவார். ராடு போர்வைக்குள் போய்விடும், ஆபத்து இன்னும் கூடும். மார்கழி மாதம் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு வெந்நீர் எங்கே கிடைக்கும் என்று அந்த நோட்டீஸ் சொல்வதில்லை. மாடியில் ஒரு சோலார் ஹீட்டர் வைத்தால் பாதி ராடுகள் தானாக வெளியே போய்விடும். மாணவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது இதைவிட மலிவு என்பதால் அதையே பேசுகிறார்கள்.

சரி, தீ பிடித்துவிட்டது. கொல்வது பெரும்பாலும் நெருப்பில்லை, புகை. ஒயரின் மேலுறை எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். ஃபோம் மெத்தை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். எது எரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமே கிடையாது. புகை வாசத்தில் விழித்துக்கொள்வோம் என்று நம்பித் தூங்காதீர்கள். பேட்டரியில் ஓடும் புகை அலாரம் சில நூறு ரூபாய்தான். 2024 செப்டம்பர் 12 விடியற்காலை மதுரை கட்ராபாளையத்தில் ஒரு தனியார் பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜிலிருந்து தீ பிடித்தது. அன்றே இரண்டு பெண்கள் இறந்தார்கள். அது இடிக்க வேண்டிய பழைய கட்டிடம் என்று மாநகராட்சி முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தது. நோட்டீஸ் ஃபைலில் இருந்தது, பெண்கள் கட்டிடத்தில் இருந்தார்கள்.

இப்போது கதவுக்கு வருகிறேன். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் பாதித்தவர்களைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த கொட்டகை. 28 பேர். 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ மாடியின் கீற்றுக் கொட்டகைக்கு ஏறியது. இறங்கக் குறுகலான ஒரு படிக்கட்டு. 94 குழந்தைகள். 2023 மே மாதம் தென் அமெரிக்காவில் கயானா நாட்டின் மதியா என்ற சுரங்க ஊர். அரசுப் பள்ளியின் பெண்கள் விடுதி. தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் பழங்குடிச் சிறுமிகள். நம் ஊரில் இருளர் பிள்ளைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளி என்கிறோமே, ஏறக்குறைய அப்படி. இரவில் பெண்கள் வெளியே போகக் கூடாது என்று கதவுகளைப் பூட்டி, சன்னல்களுக்குக் கம்பி அடித்திருந்தார்கள். செல்போனைப் பறித்த கோபத்தில் ஒரு மாணவி தீ வைத்தாள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பொறுப்பாளர் அம்மா பதற்றத்தில் சாவியைத் தேடினார், கிடைக்கவில்லை. 20 பேர் இறந்தார்கள். அதில் அந்த அம்மாவின் ஐந்து வயது மகனும் ஒருவன். அந்தச் சிறுமியின் கோபத்தைப் பற்றி உலகமே பேசியது. எனக்கு அந்தக் கம்பிகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. கோபம் எல்லா ஊரிலும் வரும்; ஒயர் எல்லா ஊரிலும் எரியும். வெளியே வர முடியுமா முடியாதா என்பதைத்தான் ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்.

நம் பெண்கள் விடுதிகளில் அதை முடிவு செய்வது யார்? இரவு ஒன்பது மணிக்கு இரும்பு கேட்டுக்கு வெளியிலிருந்து பூட்டு. சாவி வாட்ச்மேன் மடியில். வாட்ச்மேன் சில நாள் டீக்கடையில். ஏன் பூட்டுகிறீர்கள் என்றால் பாதுகாப்பு என்கிறார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு? வெளியிலிருந்து வருகிற திருடனைத் தடுக்க உள்பக்கம் தாழ்ப்பாள் போதும். வெளிப்பக்கப் பூட்டு உள்ளே இருப்பவளைத்தான் தடுக்கும். அவள் யாரோடு பேசுகிறாள், யாரைக் காதலிக்கிறாள் என்கிற பயம் அது. அந்தப் பயத்துக்கு என்ன பெயர் என்று பெரியாரையும் அம்பேத்கரையும் படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண்கள் விடுதியில் பாதிச் சுவர் ஏறிக் குதித்துவிடலாம். அங்கே நான் இருந்தபோது சாவியைப் பற்றி யாரும் யோசித்ததே இல்லை.

இன்னொன்று. நம் ஆலைக்குள் இப்படிப் பூட்ட முடியாது. 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம் பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்தது. அப்படிப்பட்ட சாவுகளிலிருந்துதான் உலகெங்கும் தொழிற்சாலைச் சட்டங்கள் பாடம் படித்தன. நம்முடைய 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தீ பற்றித் தனிப் பிரிவு இருந்தது. எங்கள் ஆலையில் தீ ஒத்திகை நடக்கிறது, அசெம்பிளி பாயின்ட் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து அதே பெண் பஸ் ஏறி விடுதிக்குப் போகிறாள். அங்கே ஒத்திகையும் இல்லை, இரண்டாவது படிக்கட்டும் இல்லை. 2021 டிசம்பரில் நம் மாவட்டத்துப் பூந்தமல்லி பக்கம் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் சாப்பாடு கெட்டு ஏராளமானோர் மருத்துவமனைக்குப் போனபோதும், அவர்கள் சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அந்த விடுதிகள் எப்படி இருக்கின்றன என்று நாடு பார்த்தது. படிக்கும் விடுதியிலிருந்து வேலை விடுதிக்குப் போகிறோம், பூட்டு மட்டும் மாறுவதில்லை.

தனியார் பெண்கள் விடுதிகளுக்கு 2014இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது. கும்பகோணத்தைத் தொடர்ந்து போடப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் பகுதி என்றது. சட்டம் இல்லாமல் இல்லை, கேட்கிற ஆள் இல்லை.

நாளைக்கே நாமே செய்யக்கூடியது என்ன? முதலில், கேட்டை உள்ளிருந்து திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால், கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பெட்டிக்குள் ஒரு சாவி. உடைத்தால் மணி அடிக்கட்டும், வார்டனுக்கும் தெரியட்டும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு சன்னல் கம்பிக்கு கீல் வைத்து உள்தாழ்ப்பாள் போடலாம். இங்கே உட்கார்ந்திருக்கும் வெல்டர் தோழர்கள் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள், கைக்கூலி வேண்டாம் என்று இப்போதே இருவர் சொல்லிவிட்டார்கள். தீயணைப்பானின் முள் பச்சையில் நிற்கிறதா பாருங்கள். பின்னை இழுத்து, தீயின் அடியில் அடிக்கப் பழகுங்கள். ஒயரில் தீ என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மெயினை அணையுங்கள். அறையை விட்டு ஓடும்போது கதவைச் சாத்திவிட்டு ஓடுங்கள். சாத்திய கதவு தாழ்வாரத்தில் தூங்குகிறவர்களுக்குச் சில நிமிடம் வாங்கித் தரும். புகையில் குனிந்து, தவழ்ந்து போங்கள். 101ஐ எல்லோரும் மனப்பாடமாக வைத்திருங்கள். ஒத்திகையை இரவில், விளக்கை அணைத்துவிட்டு வையுங்கள். பகல் பதினோரு மணிக்கு வைத்து போட்டோ எடுப்பதில் பயனில்லை.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டம். நான்கு கேள்வி போதும். விடுதிக்குத் தீயணைப்புத் துறை கடைசியாக வந்து பார்த்தது எப்போது, அந்த அறிக்கையின் நகல். ஒயரிங்கைக் கடைசியாகச் சோதித்த தேதி. தீயணைப்பான் எத்தனை, கடைசியாக நிரப்பிய தேதி. இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வாசல் சாவி யார் பொறுப்பில் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, சட்டத்திலேயே இருக்கிறது. விடுதியில் இருக்கும் பிள்ளை கையெழுத்துப் போட்டால் பெயரைக் குறித்து வைப்பார்கள் என்ற பயம் நியாயமானது. அதனால் விண்ணப்பம் வெளியில் இருக்கும் எங்கள் பெயரில் போகட்டும், எந்த விடுதி, எத்தனை அறை, எத்தனை பேர் என்ற விவரத்தை மட்டும் நீங்கள் கொடுங்கள். இருபது நகல் எடுத்து வந்திருக்கிறேன். பொன்னேரி, கவரைப்பேட்டை பக்கம் தங்கியிருப்பவர்கள் முதலில் வாருங்கள், உங்களுக்கு ஏழரைக்குக் கேட் மூடிவிடுவார்கள்.